மிகப் பிரகாசமான குவேசார், மிகத் தொலைவான குவேசார்: எதை எந்த வழியில் தேடுவது?

ஜே0529−4351 என்ற குவேசார் (ராட்சதக் கருந்துளை பொருளை விழுங்கும்போது பளிச்சென்று ஒளிரும் விண்மீன் மண்டல மையம்), சூரியனைப் போல ஏறக்குறைய 500 லட்சம் கோடி மடங்கு ஒளியைக் கொட்டுகிறது. அறிவிக்கப்பட்ட நேரத்தில், அதுவரை கண்டறிந்த பொருள்களிலேயே அதிகப் பிரகாசமானது அதுதான். அதன் ஒளி நம்மை வந்துசேர 1,200 கோடி ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது. 1980-ல் எடுத்த தென்வானப் படங்களிலேயே அது பதிவாகியிருந்தது. ஆனால் குவேசார் என்று உலகுக்குத் தெரிந்தது 2024-ல்தான். நடுவில் 44 ஆண்டுகள், ஏதோ ஒரு விண்மீன் என்றே எல்லோரும் அதைக் கடந்து போனார்கள்.

அது மங்கலானதும் இல்லை. பொலிவெண் சுமார் 16. இந்த எண் கூடக்கூட மங்கல் என்று பொருள். 16 என்பது இன்றைய ஆய்வுத் தொலைநோக்கிகளுக்குச் சர்வசாதாரணம். ஆக, பிரகாசமான குவேசாரைத் தேடும்போது நமக்குக் குறைவாக இருப்பது கண்ணாடியின் அளவு இல்லை. விண்மீன் கூட்டத்திலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் வழிதான் சிக்கல். கையா விண்கலம் கணக்கெடுத்த ஒளிப்புள்ளிகள் சுமார் 180 கோடி. உறுதிசெய்யப்பட்ட குவேசார்கள் ஏறத்தாழ பத்து லட்சம். அதிலும் உச்சப் பிரகாசம் கொண்டவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். எனவே தேடும் வழிகளை ஒப்பிடும்போது நான் கேட்பது ஒரே கேள்வி: விண்மீன்களைக் கழிக்கும்போது இந்த வழி கூடவே எந்தக் குவேசாரையும் கழித்துவிடுகிறது?

நிறத்தை வைத்துத் தேடுவது

மூத்த வழி இது. தொலைவுக்கு இன்றும் இதற்கு ஈடு கிடையாது. ஹைட்ரஜன் ஒளிவிடும் குறிப்பிட்ட அலைநீளமான லைமன் ஆல்ஃபா கோடு 121.6 நானோமீட்டரில், அதாவது புற ஊதாவில் பிறக்கிறது. அண்டம் விரிவதால் அந்த அலைநீளம் நீண்டுகொண்டே வருகிறது. இந்த நீட்சியின் அளவுதான் செந்நகர்வு; எண் கூடக்கூடத் தொலைவும் கூடும். செந்நகர்வு 4 என்றால் அது 608 நானோமீட்டரில், ஆரஞ்சு நிறத்தில் தெரியும். செந்நகர்வு 6 என்றால் 851-ல், கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு விளிம்பில். 7.5 என்றால் 1,034-ல். இந்தக் கோட்டுக்கு நீலப் பக்கம் உள்ள ஒளியை வழியிலுள்ள ஹைட்ரஜன் வாயு விழுங்கிவிடுகிறது. அதனால் ஒரு வடிகட்டியில் பளிச்சென்று தெரியும் புள்ளி, அதற்கு அடுத்த நீலப்பக்க வடிகட்டியில் காணாமலே போய்விடும். இந்த ‘காணாமல் போதல்’தான் அடையாளம்.

ஸ்லோன் வான ஆய்வின் 2.5 மீட்டர் தொலைநோக்கி ஐந்து வடிகட்டிகளோடு வானத்தை அளந்தபோது, சியாவ்ஹூயி ஃபான் குழுவினர் இப்படித்தான் செந்நகர்வு 6-ஐ ஒட்டிய குவேசார்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். அப்புறம் அகச்சிவப்பு வான ஆய்வுகள் வந்தன. எல்லையும் தள்ளிப்போனது: 2011-ல் 7.085, 2017-ல் 7.54, 2021-ல் 7.64. இந்த மூன்றுமே நிற வழியின் அறுவடைதான்.

அந்த 7.64 எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜே0313−1806 என்ற அந்தக் குவேசாரின் கருந்துளை 160 கோடி சூரிய நிறை கொண்டது. அதன் ஒளி புறப்பட்டபோது அண்டத்துக்கு வயது 67 கோடி ஆண்டுகள். கதிர்வீச்சு அழுத்தம் அனுமதிக்கும் உச்ச வேகத்தில் தின்றாலும், கருந்துளையின் நிறை இரட்டிப்பாக ஏறக்குறைய மூன்றரைக் கோடி ஆண்டுகள் வேண்டும். செத்த விண்மீன் விட்டுச்சென்ற 100 சூரிய நிறைக் கருந்துளை 160 கோடியை எட்ட 24 முறை இரட்டிக்க வேண்டும். மொத்தம் 84 கோடி ஆண்டுகள் ஆகிறது. அண்டத்தின் அன்றைய வயதே அதற்குப் போதாது! அப்படியானால் விதை பெரிதாக இருந்திருக்க வேண்டும், அல்லது உச்ச வேகத்தையும் மீறித் தின்றிருக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கூர்மையாக்க இன்னும் தொலைவான, இன்னும் கனமான குவேசார்கள் தேவை. நிற வழியின் மீது எனக்குள்ள மரியாதைக்குக் காரணம் இதுதான்.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது, பழுப்புக் குள்ள விண்மீன்கள். நம் அருகிலேயே இருக்கும் இந்தக் குளிர்ந்த பொருள்களும் நீலத்தில் தெரியாது, அகச்சிவப்பில் மட்டும் தெரியும். செந்நகர்வு 6-க்கு மேல் தேடும்போது எண்ணிக்கையில் இவை குவேசார்களை அமுக்கிவிடுகின்றன. இரண்டாவது, செந்நகர்வு 2.7 அளவில் குவேசாரின் நிறமும் சாதாரண விண்மீனின் நிறமும் ஒன்றாகிவிடுகின்றன. அண்ட வரலாற்றில் குவேசார்கள் மிக அதிகமாக இருந்த காலமும் ஏறக்குறைய அதுவே. கூட்டம் நிறைந்த இடத்தில் கண் மங்குகிறது.

மூன்றாவது குறை அதிகம் பேசப்படுவதில்லை. 2019-ல் அறிவிக்கப்பட்ட ஜே0439+1634-ஐ எடுத்துக்கொள்வோம். செந்நகர்வு 6.51. இடையில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் ஈர்ப்பு, லென்ஸ் போல நின்று அதன் ஒளியை ஏறக்குறைய 50 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. இத்தகைய குவேசார்கள் பிரகாசமாகத் தெரிவதால் அவைதான் முதலில் சிக்க வேண்டும். ஆனால் இடையிலுள்ள மண்டலத்தின் ஒளி, ‘காணாமல் போக வேண்டிய’ நீலப்பக்க வடிகட்டியில் வந்து விழுகிறது. அடையாளமே அழிந்துபோகிறது. இதில் மறைக்கும் மண்டலம் மிக மங்கலாக இருந்ததால்தான் தப்பிப் பிழைத்துக் கைக்கு வந்தது. கறாரான நிறக் கட்டுப்பாடு வைக்க வைக்க, லென்ஸ் குவேசார்களை நாமே வாசலில் தடுக்கிறோம்.

வெப்பமும் அசைவின்மையும்

உச்சப் பிரகாசம்தான் குறி என்றால் நான் தேர்ந்தெடுப்பது வேறு. வைஸ், கையா என்ற இரண்டு விண்கலங்களின் தரவுகளைச் சேர்த்துத் தேடும் வழி.

2009 டிசம்பரில் ஏவப்பட்ட வைஸ், வெறும் 40 சென்டிமீட்டர் கண்ணாடியுடன் வானம் முழுவதையும் அகச்சிவப்பில் அளந்தது. 3.4 மைக்ரான், 4.6 மைக்ரான் என்ற இரண்டு அலைவரிசைகள்தான் இங்கே முக்கியம். சாதாரண விண்மீனின் நிறம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய மாறாது. கருந்துளையைச் சுற்றிச் சூடேறிய தூசி உள்ள குவேசார் 4.6-ல் கூடுதலாக ஒளிரும். இந்த வேறுபாடு ஒன்றே விண்மீன்களில் மிகப் பெரும்பகுதியைக் கழித்துவிடும். ஆனால் செந்நகர்வு 4-ஐ ஒட்டி ஒரு சறுக்கல் உண்டு. குவேசாரின் வலுவான ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு அப்போது 3.4 மைக்ரான் வரிசைக்குள் வந்து விழுந்து, வேறுபாட்டைக் குறைத்துவிடுகிறது. அருகிலுள்ள குவேசார்களுக்கு வகுத்த எல்லைக்கோட்டை அப்படியே வைத்தால், நாம் தேடும் தொலைவான அரக்கர்கள் வெளியே போய்விடுவார்கள். கோட்டைத் தளர்த்தினால் விண்மீன்கள் உள்ளே வரும்.

அங்கேதான் கையா கைகொடுக்கிறது. பால்வெளியின் விண்மீன்கள் எல்லாமே நகர்கின்றன. பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள குவேசார் அசைவதே இல்லை. கையாவின் நுட்பமான அளவைக்கும் அது நிலைத்த புள்ளிதான். வெப்பமாகத் தெரிய வேண்டும், நகரக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால், பழுப்புக் குள்ளர்கள் முதல் சிவப்பு விண்மீன்கள் வரை பெரும்பாலானவை விழுந்துவிடும். மிஞ்சுபவை மிகத் தொலைவில் உள்ள பெருவிண்மீன்கள். அவற்றின் நகர்வும் அளவுக்குச் சிக்காது.

பலன் உடனே தெரிந்தது. கையாவின் இரண்டாம் தரவு வெளியீடு 2018 ஏப்ரலில் வந்தது. அடுத்த மாதமே கிறிஸ்டியன் வுல்ஃப் குழுவினர், தென்வானத்தை அளக்கும் ஆஸ்திரேலியாவின் ஸ்கைமேப்பர் தொலைநோக்கி, வைஸ் ஆகியவற்றின் தரவுகளோடு அதைச் சேர்த்து ஜே2157−3602 என்ற அசுரக் குவேசாரை அறிவித்தார்கள். 2022-ல் ஜே1144−4308 வந்தது. செந்நகர்வு 0.83 மட்டுமே, ஆனால் கடந்த சுமார் 900 கோடி ஆண்டுகளில் அதைவிட ஒளிமிக்க குவேசார் எதுவும் கண்டுபிடிக்கப்பட்டதில்லை. பொலிவெண் 14.5 அளவு. இவ்வளவு பிரகாசமான ஒன்று எப்படித் தப்பியது? பால்வெளித் தளத்திலிருந்து வெறும் 18 பாகையில் அது இருக்கிறது. விண்மீன் நெரிசலுக்குப் பயந்து பழைய ஆய்வுகள் அந்தப் பக்கமே போகவில்லை. நிறத்தை மட்டும் நம்பிய காலத்தில் அந்தப் பயம் நியாயமானது. அசைவின்மையைச் சேர்த்த பிறகு அது தேவையில்லாமல் போனது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. கையா பார்த்தது ஏறக்குறைய 1,050 நானோமீட்டர் வரைதான். பொலிவெண் 21-க்கு அப்பால் அதற்குக் கண் இருக்கவில்லை. செந்நகர்வு 7-ல் உள்ள குவேசாரின் ஒளியில் பெரும்பகுதி அந்த எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. எனவே தொலைவுப் பந்தயத்தில் இது நிற வழியோடு மோத முடியாது.

மற்ற வழிகள், சுருக்கமாக

ஒளி ஏற்ற இறக்கத்தை வைத்துத் தேடலாம். குவேசார்கள் மாதங்கள், ஆண்டுகள் என்ற அளவில் 10 முதல் 20 சதவீதம் மினுங்கும். நம் குறிக்கு இது ஒத்துவராது. பிரகாசம் கூடக்கூட மினுக்கம் குறைகிறது. போதாக்குறைக்கு, செந்நகர்வு 4-ல் ஓராண்டில் நடக்கும் மாற்றம் நமக்கு ஐந்தாண்டுகளாக நீண்டு தெரியும். அருகிலுள்ள, நடுத்தரமான குவேசார்களுக்கு அருமையான வழி.

ரேடியோ அலைகளில் தேடுவதுதான் இந்தத் துறையின் பிறப்பிடம். 3சி 273 என்ற குவேசாரின் துல்லியமான இடத்தை 1962-ல் நிலா அதை மறைத்த நேரத்தை வைத்துக் குறித்தார்கள். 1963-ல் வானியலாளர் மார்ட்டின் ஷ்மிட் அதன் நிறமாலையை, அதாவது ஒளியை அலைநீளங்களாகப் பிரித்துக் காட்டும் பதிவை, படித்தார். விண்மீன்கள் ரேடியோவில் பெரும்பாலும் அமைதியானவை என்பதால் குழப்பம் மிகக் குறைவு. ஆனால் குவேசார்களில் பத்தில் ஒன்றுதான் ரேடியோவில் சத்தமாக ஒளிர்கிறது. பத்தில் ஒன்பதை இழக்கும் வழியை முதன்மையாக வைக்க முடியாது, துணைக்கு வைத்துக்கொள்ளலாம். எக்ஸ் கதிருக்கும் என் மதிப்பீடு ஏறக்குறைய இதுதான்.

இயந்திரக் கற்றல் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். பத்து லட்சம் உதாரணங்களைப் பார்த்துப் பழகிய நிரல், பத்து லட்சத்தோடு ஒத்துப்போவதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன்தான். ஆனால் ஜே0529-ஐ கையாவின் தானியங்கி வகைப்பாடு 99 சதவீதத்துக்கும் மேல் உறுதியோடு விண்மீன் என்றது. இவ்வளவு பிரகாசமான குவேசார் அது பழகிய உதாரணங்களில் இல்லை. உச்சத்தில் உள்ளதைத் தேடுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டாம். தென்வானில் கியூப்ரிக்ஸ் திட்டம் இயந்திரக் கற்றலை வைத்து நூற்றுக்கணக்கான பிரகாசமான குவேசார்களைக் கண்டறிந்தது உண்மை, பாராட்டத்தக்கது. ஆனாலும் ஒரு கையளவு எளிய நிபந்தனைகள், பிறகு மனிதக் கண், பிறகு நிறமாலை என்ற வரிசையை உச்சப் பிரகாசத் தேடலில் கைவிடக் கூடாது என்பது என் கருத்து.

உறுதிசெய்யும் செலவு

வழிகளை ஒப்பிடுகிறவர்கள் இதை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். பட்டியலில் இருப்பது வெறும் சந்தேகம்; நிறமாலை எடுத்தால்தான் குவேசார். பொலிவெண் 16 என்றால் 2 மீட்டர் வகைத் தொலைநோக்கியே சில நிமிடங்களில் சொல்லிவிடும். ஜே0529-ஐ முதலில் அடையாளம் காட்டியது ஆஸ்திரேலியாவின் 2.3 மீட்டர் தொலைநோக்கி. செந்நகர்வு 6.3-ல் இருக்கும் ஜே0100+2802-க்கு 1,200 கோடி சூரிய நிறை என்று 2015-ல் அறிவித்தார்கள். அதன் முதல் நிறமாலையும் சீனாவின் லிஜியாங்கில் உள்ள 2.4 மீட்டர் தொலைநோக்கியில்தான் எடுக்கப்பட்டது. பிரகாசத்தைத் தேடுகிறவர்கள் நூறு தவறான சந்தேகங்களைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தொலைவைத் தேடுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் 6 முதல் 10 மீட்டர் வகைத் தொலைநோக்கியில் அகச்சிவப்பு நிறமாலை வேண்டும், அந்த நேரத்துக்குக் கடும் போட்டி. எனவே நிற வழியில் வடிகட்டல் இறுக்கமாக இருந்தாக வேண்டும். பிரகாச வழியில் தாராளமாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

அந்தத் தாராளத்துக்குப் பலனும் பெரிது. அண்ட விரிவின் வேகம் மாறுவதை நேரடியாகப் பார்க்க, ஒரே குவேசாரின் வழியிலுள்ள வாயுக் கோடுகளைப் பல ஆண்டு இடைவெளியில் அளக்க வேண்டும். பத்தாண்டில் எதிர்பார்க்கும் மாற்றம் நொடிக்குச் சில சென்டிமீட்டர். 39 மீட்டர் தொலைநோக்கிக்கே பின்விளக்காகப் பிரகாசமான குவேசார் வேண்டும். மங்கலான ஆயிரம் குவேசார்கள் இந்த வேலைக்கு உதவாது.

அடுத்து வருபவை

2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கி வளிமண்டலத்துக்கு வெளியிலிருந்து அகச்சிவப்பில் பார்க்கிறது. செந்நகர்வு 7-க்கும் 7.5-க்கும் இடையில் நூறுக்கு மேல், 8-க்கு அப்பாலும் சில கிடைக்கலாம் என்பது ஏவுவதற்கு முன் போட்ட கணிப்பு. தொலைவுப் பக்கம் நிற வழியே தொடர்கிறது, கருவி மட்டும் மாறுகிறது.

பிரகாசப் பக்கம்தான் உண்மையான மாற்றத்தை எதிர்பார்க்கிறேன். 2025 மார்ச்சில் ஏவப்பட்ட ஸ்பியர்எக்ஸ் விண்கலம், வானம் முழுவதையும் 0.75 முதல் 5 மைக்ரான் வரை 102 நிறங்களில் அளக்கிறது. முன்கூட்டியே சந்தேகப் பட்டியல் போட வேண்டியதில்லை. பிரகாசமான ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எளிய நிறமாலை கிடைக்கும். வைஸும் கையாவும் சேர்ந்து விட்டுவைத்தவை அதில் வெளிவரலாம். பால்வெளித் தளத்தை ஒட்டிய பத்துப் பாகைக்குள் மட்டும் அதுவும் திணறும். அதன் ஒரு படப்புள்ளியே வானில் சுமார் 6 விநாடிப் பாகை (ஒரு விநாடிப் பாகை என்பது பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) அகலம். அந்த நெரிசலில் பல விண்மீன்கள் ஒன்றாகக் கலந்துவிடும். அந்தப் பட்டைக்கு மட்டும் ரேடியோ பட்டியலை முதலில் எடுத்து, கையாவின் அசைவின்மையை அதோடு பொருத்திப் பார்ப்பேன். பத்தில் ஒன்றுதான் சிக்கும் என்றாலும், அங்கே இப்போதைக்கு அதுவே நல்ல வழி.