ஒன்பது இடவப்பாதி தாண்டிய மவுண்டுகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கினால், துலா மழை என்கிற வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை அலமாரிக்குப் பின்னால் சுவர் ஈரமாகவே இருக்கும். இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் என்று நாம் பெருமை பேசலாம். தபால்தலைக்கு அது ஆகாது. பின்பக்கப் பசை இளகி அடுத்த தாளில் போய் ஒட்டிக்கொள்ளும், ஓரங்களில் பழுப்புப் புள்ளி விழும். இப்படி ஒரு வீட்டில் 2016-லிருந்து மவுண்ட், அதாவது தபால்தலையை உள்ளே செருகி ஆல்பத்தில் ஒட்டுகிற பிளாஸ்டிக் உறை, பயன்படுத்திவருகிறேன்.

என் சேகரிப்பு சின்னது, இரண்டு பிரிவாக இருக்கிறது. ஒன்று தாத்தா விட்டுப்போன திருவிதாங்கூர் சமஸ்தான அஞ்சல் தலைகள். 1956 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம்தானே. 1888-ல் தொடங்கிய சங்கு முத்திரைத் தலைகள் கொஞ்சம், 1939-ல் வந்த மகாராஜா பிறந்தநாள் வரிசை கொஞ்சம். அந்த வரிசையில் 7 சக்கரத்தில் (சக்கரம் அன்றைய திருவிதாங்கூர்க் காசு) கன்னியாகுமரி, 14 சக்கரத்தில் பேச்சிப்பாறை அணை. இன்னொரு பிரிவு நம்மூர் ஆட்களுக்கு இந்திய அஞ்சல்துறை வெளியிட்டவை. தேரூர் கவிமணி (2005), ஒழுகினசேரி கலைவாணர் (2008), பூதப்பாண்டி ஜீவா (2010), கூடவே விவேகானந்தர் பாறை (1996). 1960-ல் வந்த 15 நயா பைசா திருவள்ளுவரையும் இதில் சேர்த்துக்கொண்டேன். கன்னியாகுமரிச் சிலைக்கு முந்தியவர் என்றாலும் வள்ளுவரை விட்டுவிட மனசு வரவில்லை.

முதலில் எல்லாவற்றையும் ஹிஞ்ச் போட்டுத்தான் ஒட்டினேன். ஹிஞ்ச் என்பது பசை தடவிய மெல்லிய கண்ணாடித்தாள் துண்டு. மலிவு. ஆனால் முத்திரை குத்தாத, பசை கலையாத புதுத் தலையில் ஹிஞ்ச் ஒட்டினால் பின்பக்கத்தில் தடம் விழுந்துவிடும். விற்கப் போனால் அந்தத் தடத்துக்காகவே விலையைக் குறைப்பார்கள். அதனால்தான் மவுண்டுக்கு மாறினேன்.

மாறின வேகத்தில் ஏமாந்தும் போனேன். கடை பெயர் வேண்டாம், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொல்லி, தளதளவென்று இருந்த பிளாஸ்டிக் உறைகளைத் தலையில் கட்டினார்கள். பாக்கெட்டைப் பிரித்ததும் புது ரெக்சின் பை வாசம். அது பிவிசி. பிவிசியை இளக்கமாக்கச் சேர்க்கிற ரசாயனம் நாளாவட்டத்தில் கசிந்து தபால்தலை மையையும் தாளையும் கெடுக்கும். ஒன்றரை வருடத்தில் இரண்டு தலைகள் எண்ணெய் பட்ட தாள் மாதிரி ஆகிவிட்டன. இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்துபார்ப்பேன். செம்புக் கம்பி நுனியைப் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக் துணுக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்ட வேண்டும். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. மொட்டைமாடியில் வைத்து, நகக்கண் அளவு துணுக்கில் செய்தால் போதும். புகையை முகர வேண்டாம்.

நல்ல மவுண்ட் பாலிஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்தது. வாசம் இருக்காது, விரலால் மடித்தால் மொறுமொறு என்று சத்தம் வரும். நான் வாங்கியவை ஹாவிட், ஷோகார்டு இரண்டும். ஹாவிட் ஜெர்மனிச் சரக்கு, ஹான்ஸ் விட்மையர் என்று அதை உருவாக்கியவர் பெயரைச் சுருக்கினால் வருவது. என்னிடம் இருக்கிற ஹாவிட்டில் அடிப்பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும், மேல்பக்கம் திறந்தது. புத்தகத்துக்குள் தாளைச் செருகுவது போலச் செருகலாம். ஷோகார்டில் மேலும் கீழும் மூடி, முதுகில் நடுவே ஒரு கீறல். தலை நழுவாது, தூசியும் போகாது. அதனால் முதல் இரண்டு வருடம் ஷோகார்டு கட்சியாகவே இருந்தேன்.

வள்ளுவர்தான் என்னைக் கட்சி மாற வைத்தார். மவுண்டின் முதுகில் பசை இருக்கும், லேசாக நனைத்துப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். பழக்கதோஷத்தில் கவர் ஒட்டுகிற மாதிரி நாக்கால் தாராளமாக நக்கிவிட்டேன். ஈரம் அந்தக் கீறல் வழியாக உள்ளே போய், தலையின் பசையும் மவுண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டன. எட்டு நாள் கழித்துப் பார்த்தால் இடுக்கியால் அசைத்தாலும் அசையவில்லை. இழுத்தால் பசையோடு வரும். இன்றைக்கும் அப்படியே இருக்கிறார். கீறல் உள்ள வகையை மோசம் என்று சொல்ல மாட்டேன். தண்ணீரில் தொட்டுப் பிழிந்த பிரஷ்ஷால் மேல் ஓரத்தில் ஒரே ஒரு கோடு இழுத்தால் போதும், கீறல் பக்கமே போக வேண்டாம். ஆனால் நம் காற்றிலேயே பாதி ஈரம் இருக்கிறது. கீழே மட்டும் ஒட்டியது எனக்கு நிம்மதி.

அளவு விஷயத்திலும் காசு விட்டிருக்கிறேன். முதலில் பல அளவு கலந்த பாக்கெட் வாங்கினேன், அதில் பாதி இன்னமும் பிரிக்காமல் கிடக்கிறது. மவுண்ட் பட்டையின் உயரத்தை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். தலையின் உயரத்தை விட 2 மில்லிமீட்டர் கூடுதலாக வாங்க வேண்டும். நம் நினைவுத் தலைகளில் நிறைய 39.1-க்கு 29 மில்லிமீட்டர். படுத்த தலைக்கு 31, நின்ற தலைக்கு 41 வாங்கினால் இந்தியத் தலைகளில் பெரும்பாலும் அடங்கிவிடும். இறுக்கமாக இருந்தால் துளைப் பற்கள் மடங்கும். தொளதொளவென்று இருந்தால் தலை சாய்ந்து நிற்கும், பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலிக்கும்.

விலைக்கு வருவோம். 210 மில்லிமீட்டர் நீளத்தில் 25 பட்டை உள்ள பாக்கெட் எனக்கு அனுப்புகூலி உட்பட ஆயிரத்தை ஒட்டி வந்தது. 31 மில்லிமீட்டர் உயரப் பட்டையை 41 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வெட்டினால் பட்டைக்கு ஐந்து, பாக்கெட்டுக்கு 125 துண்டு. ஒன்றுக்கு 8 ரூபாய். உள்ளே போகிறதோ 5 ரூபாய்த் தபால்தலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! கத்தரியால் கோணல்மாணலாக வெட்டினால் அந்த ஐந்தும் நாலாகும். ஸ்டீல் ஸ்கேலும் புது பிளேடும் வைத்து ஒரே இழுப்பில் வெட்டுங்கள்.

மவுண்டின் பின்தகடு கறுப்பா, தெளிவா என்று கேட்பார்கள். வெள்ளை ஓரம் உள்ள தலைக்குக் கறுப்புப் பின்னணி எடுப்பு, பற்கள் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தெரியும். ஓரம்வரை இருட்டாக அச்சான தலை கறுப்பில் காணாமல் போகும், அதற்குத் தெளிவானது.

நான்காவது வருடம் நடந்ததை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். அலமாரியைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசம். ஆல்பத்துக்குப் பக்கத்தில் நாலைந்து வெள்ளை உருண்டை. அம்மாவிடம் கேட்டேன்.

"புத்தகத்துல பூச்சி அரிக்கும்லா, அதான். துணிக்குப் போடுதத இதுக்கும் போட்டா என்ன மக்களே?"

என்ன என்று அப்போது எனக்கும் தெரியாது. கலைவாணர் பக்கத்தைப் புரட்டினால் எதிர்ப் பக்கமும் பிசுக்கென்று சேர்ந்து வந்தது. மவுண்டின் முன்தகடு மங்கி, தொட்டால் விரல்ரேகை பதிந்தது. அந்த உருண்டையின் நாப்தலின் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். நல்லவேளை, தலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினொரு மவுண்ட் போனது. இப்போது அலமாரியில் ஈரம் உறிஞ்சுகிற சிலிகா ஜெல் பொட்டலங்கள்தான். நீல மணிகள் ரோஸ் நிறமானால் எடுத்துச் சூடுபடுத்தி மறுபடி வைக்கிறேன். ஆல்பங்களைக் கிடத்தி அடுக்குவதும் இல்லை. கனம் அழுத்தினால் ஈரத்தில் பசை பிடித்துவிடும், அதனால் நிற்க வைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு எல்லாத் தலைக்கும் மவுண்ட் போடுவதை விட்டுவிட்டேன். முத்திரை குத்திய தலைகள் ஸ்டாக் புத்தகத்தில், ஒட்டாமல் செருகிவைக்கிற பட்டைகளில், சுகமாக இருக்கின்றன. தாத்தாவின் அஞ்சல் தலைகளில் என்னிடம் உள்ளவை பெரும்பாலும் பசையே இல்லாதவை, அதற்கு எட்டு ரூபாய்ச் சட்டை எதற்கு? பசையுள்ள புதுத் தலைகளுக்கு மட்டும் 31-ல் இன்னொரு பாக்கெட் சொல்லியிருக்கிறேன். பேச்சிப்பாறை பழைய ஹிஞ்சிலேயே இருக்கிறது.