அம்பாசடர் ஹேண்ட்பிரேக்: நட்ட முறுக்கணுமா, ஷூவ செட் பண்ணணுமா, கேபிளா, டிஸ்க்கா?

நம்ம வீடு கன்னியாகுமரி ஜில்லா குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்துக்க இடையில ஒரு நல்ல ஏத்தத்துல. வண்டி 84 மாடல் அம்பாசடர், மார்க் 4, அப்பா வச்சிருந்தது, நாலு வீல்லயும் டிரம் பிரேக் தான், அதாவது வீலோட சுத்துற டிரம்முக்குள்ள ரெண்டு ஷூ விரிஞ்சு உரசி நிப்பாட்டுறது. ரெண்டு வருஷமா ஹேண்ட்பிரேக்க முழுசா இழுத்தாலும் நிக்காது, ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு பின் டயருக்கு கல்லும் வச்சுட்டுத்தான் போவேன். ஒரு மழைநாள் அம்மா உள்ள இருக்கும்போ கல்லு எடுக்கப் போறதுக்குள்ள வண்டி ஒரு அடி பின்னால நவுந்துட்டு, எனக்கு கை கால் எல்லாம் வெறச்சுப் போச்சு. அதுக்கப்புறம் தான் இத விடக்கூடாதுன்னு இறங்குனேன். ஆளுக்கொரு வழி சொன்னாவ.

முதல்ல எல்லாரும் சொல்றது, ஹேண்ட்பிரேக் லிவர்லேந்து பின் வீலுக்குப் போற கேபிளோட நட்ட முறுக்குறது. கால் மணி நேர வேலை, காசும் கிடையாது, கை லிவர் உடனே டைட் ஆயிடும், சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா ஷூ மேல இருக்க உரசுற பட்டை, அதான் லைனிங், தேஞ்சு ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடினதுதான் சீக்குன்னா, கேபிள இழுத்தா என்ன ஆகும்? டிரம்முக்குள்ள இருக்க லிவர் எப்பவும் பாதி இழுத்த நிலையிலயே நிக்கும், ஷூ முழுசா திரும்பி வராது. எனக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்ல இப்படித்தான் முறுக்கி விட்டாங்க, தக்கலை தாண்டி நாகர்கோவில் போய் நிப்பாட்டி பாத்தா பின் டிரம்ல கை வைக்க முடியல, அவ்வளவு சூடு. ஒரு மாசத்துல திரும்பவும் லூஸ்.

ரெண்டாவது, ஷூவுலேந்து ஆரம்பிக்கிறது. நான் கைய தூக்கி ஓட்டு போடுறது இதுக்குத்தான். சமதரையில நிப்பாட்டி முன் வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை வச்சு, பின்னால தூக்கி ஸ்டாண்டு குடுங்க, ஜாக்கிய நம்பி அடியில போகாதீங்க. ஹேண்ட்பிரேக்க முழுசா இறக்கி, கேபிள் நட்ட நல்லா லூஸ் பண்ணிடுங்க, இத விட்டா மத்தது எல்லாம் தப்பாப் போகும். டிரம்முக்குப் பின்னால மூடியிருக்க தகடு, அதான் பேக் பிளேட், அதுல இருக்க ஷூ அட்ஜஸ்டர வீல் சுத்தாம நிக்குற வரைக்கும் முறுக்கி, அப்புறம் வீல் லேசா உரசி சுத்துற அளவுக்கு மட்டும் திருப்பி விடுங்க. கால் பிரேக்க நாலஞ்சு தடவை நல்லா அமுக்கினா ஷூ ரெண்டும் நடுவுல வந்து உக்காரும், உடனே இன்னொரு தடவை செட் பண்ணிப் பாருங்க, பாதிப் பேர் விடுறது இந்த ரெண்டாவது தடவைய. கடைசியாத்தான் கேபிள் நட்ட முறுக்கணும். என் வண்டில அஞ்சாவது கிளிக்ல ரெண்டு வீலும் ஒண்ணுபோல பிடிக்குது. ஒரு வீல் முந்திப் பிடிச்சா அடுத்த பக்கத்துல கேபிளோ ஷூவோ சிக்கியிருக்குன்னு அர்த்தம். கால் பிரேக் பெடலும் மேல வந்துட்டு, அது கூடுதல் லாபம்.

இதுக்கும் சரியாகலன்னா கேபிள பாருங்க. நம்ம ஜில்லாவுல ஆடி மழையும் உண்டும் ஐப்பசி மழையும் உண்டும், கொளச்சல், மணக்குடி பக்கம்னா உப்புக் காத்து வேற. வெளி உறை ஒரு இடத்துல கீறினாப் போதும், தண்ணி இறங்கி உள்ள துரு. ஒரு முனையக் கழத்தி கையால இழுத்துப் பாருங்க, நைசா வழுக்கலன்னா எண்ணெய் விட்டு ஓட்டாம மாத்திடுங்க.

லைனிங்கும் அப்படித்தான், ஆக்ஸில் எண்ணெயத் தடுக்குற சீலோ, ஷூவ விரிக்கிற வீல் சிலிண்டரோ ஒழுகி லைனிங் ஈரமாயிருந்தா எந்த அட்ஜஸ்ட்மெண்டும் நிக்காது. முதல்ல ஒழுக்க அடச்சு, புது லைனிங் போடுங்க, டிரம் ஓவலா இருந்தா லேத்ல கடையுங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காத்தடிச்சு தூசி பறக்க விடாதீங்க, ஈரத்துணியால தொடைங்க. பிள்ளைகள பக்கத்துல விடவே விடாதீங்க.

கடைசியா டிஸ்க். கூட்டுக்காரன் ஒருத்தன் பின்னால டிஸ்க் மாத்தினான், ஓட்டும்போ பிரேக் அருமை, மறுக்கல. ஆனா நிப்பாட்டி வைக்கிறதுல டிரம்தான் மேல. டிரம்ல வீல் உருள நினைச்சா ஒரு ஷூ தானாவே இன்னும் இறுகும், டிஸ்க்ல அது கிடையாது, அதனால அதே பிடிக்கு லிவர்ல அதிகமா இழுக்கணும். இறக்கம் இறங்கி சூடா நிப்பாட்டினா, ஆறும்போ டிரம் சுருங்கி ஷூவ இறுக்கும், டிஸ்க்கோ மெலிஞ்சு, அதக் கவ்வுற பேடு விட்டுக்கொடுக்கும். அவன் அரை மணி கழிச்சு திரும்ப ஒரு கிளிக் இழுக்கான். பெடல்ல இருந்து பிரேக் எண்ணெயத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர், முன்-பின் பிரேக் கணக்கு எல்லாம் வேற பாக்கணும். ஹேண்ட்பிரேக் ஒண்ணுக்காக டிஸ்க்குக்கு போகவே போகாதீங்க.

கால் பிரேக் பிரஷர பூட்டி வைக்கிற வால்வு சிலர் போடுறாவ. சீல் ஒண்ணு லேசா விட்டாலே பிடி போயிடும், பார்க்கிங்குக்கு அத நம்பவே கூடாது.

நான் செஞ்சது ஷூ செட்டிங், புது கேபிள், புது லைனிங். இப்போ வீட்டு ஏத்தத்துல நியூட்ரல்ல விட்டாலும் நிக்குது, ஆனாலும் கியர்ல போடுறத விடல. புது லைனிங் ஆரம்பத்துல சீக்கிரம் தேயும், அதனால 500 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி தூக்கி, அதே வரிசையில, ஷூவுலேந்து ஆரம்பிச்சு செட் பண்ணுங்க.