நியூஜெர்சியில் ஒரு சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்: 12 வருட அனுபவம்

நியூஜெர்சிக்கு வேலை மாறி வரும் நண்பர்கள் வீடு தேடும்போது என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, அந்த டவுன்ல ஸ்கூல் ரேட்டிங் எவ்வளவு?" பத்துக்கு ஏழு, பத்துக்கு ஒன்பது என்று ஓர் எண்ணைச் சொன்னால் அவர்களுக்குப் போதும். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. மூத்தவள் 2012 செப்டம்பரில் கிண்டர்கார்ட்டன் சேர்ந்ததிலிருந்து சின்னவன் 2024 ஜூனில் எட்டாம் வகுப்பு முடித்தது வரை, 12 கல்வி ஆண்டுகள் ஒரே ஸ்கூல் டிஸ்ட்ரிக்டோடு, அதாவது ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்போடு, வாழ்ந்தவன் நான். எட்டாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள சின்ன டிஸ்ட்ரிக்ட். வகுப்புக்கு இரண்டு செக்‌ஷன். குறைகளையும் சொல்லப்போவதால் ஊர் பெயரை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். ஏறக்குறைய 95 லட்சம் பேர் வாழும் இந்த மாநிலத்தில் 564 உள்ளாட்சிகள், கிட்டத்தட்ட 600 ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள். டிஸ்ட்ரிக்ட் என்பது டவுன் நிர்வாகத்தின் கிளை அல்ல. அதற்குத் தனி போர்டு (பள்ளி நிர்வாகக் குழு), தனி பட்ஜெட், தனி வரி. போர்டில் வழக்கமாக 9 பேர், சின்ன ஊர்களில் 5 அல்லது 7. மூன்று வருடப் பதவி, சம்பளம் கிடையாது. எங்கள் போர்டில் இருந்தவர்கள் ஒரு பல் மருத்துவர், ஒரு தீயணைப்பு வீரர், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டி என்று நம்மைப் போன்றவர்கள்தான். பள்ளியை நடத்துவது அவர்கள் வேலை அல்ல, நன்றாக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை என்று போர்டு உறுப்பினர்களுக்கான நடத்தை விதியே சொல்கிறது. நடத்துபவர் அவர்கள் நியமிக்கும் சூப்பரின்டெண்டென்ட். கணக்கைப் பார்ப்பவர் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். எங்களைப் போன்ற இடத்தில் சூப்பரின்டெண்டென்டே பிரின்சிபாலாகவும் இருப்பார், பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டரைப் பக்கத்து ஊரோடு பங்குபோட்டுக்கொள்வார்கள்.

முதல் நான்கு வருடம் எனக்கு இதெல்லாம் தெரியாது. பிள்ளையை இறக்கிவிட்டு ஆபீஸ் போவேன், ரிப்போர்ட் கார்டு பார்ப்பேன், அவ்வளவுதான். 2016 வசந்தத்தில் ஒரு நாள் மூத்தவள் வீட்டுக்கு வந்து, "லைப்ரரி மிஸ் அடுத்த வருஷம் வரமாட்டாங்களாம்மா" என்றாள். என் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. அந்த வாரமே போர்டு மீட்டிங்குக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மீட்டிங் நடந்ததே அந்த லைப்ரரியில்தான். குழந்தைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தோம். எங்களையும் சேர்த்துப் பார்வையாளர்கள் ஆறு பேர். அதில் இருவர் டீச்சர்கள். பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவரும் "எஸ்" என்று சொல்லச் சொல்ல, பத்துப் பக்க அஜெண்டா பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. பொதுமக்கள் பேசும் நேரம் வந்தது. 1975-ல் வந்த திறந்த கூட்டச் சட்டப்படி பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். எங்கள் ஊரில் ஆளுக்கு மூன்று நிமிடம். மனைவி எழுந்து, நடுங்கும் கையில் ஒரு காகிதத்தைப் பிடித்தபடி, மகள் அந்த வருடம் எடுத்துப் படித்த புத்தகங்களின் பெயர்களை வாசித்தாள். வேறு எதுவும் சொல்லவில்லை. லைப்ரரியன் வேலை முழுதாகத் திரும்பவில்லை, வாரத்தில் இரண்டு நாளாகத் திரும்பியது. அன்று நாங்கள் இருவரும் ஹெச்1பி விசாவில் இருந்தவர்கள், ஓட்டு இல்லை. ஆனால் பேசலாம். இது எத்தனை நம்மவர்களுக்குத் தெரியும் என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

ஏன் லைப்ரரியன்? இதைக் கேட்கப் போய்த்தான் பணக் கணக்குக்குள் இறங்கினேன்.

இங்கே வீட்டு வரி வருடத்துக்கு நான்கு தவணை: பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். மாநிலச் சராசரி 2024-ல் 10,000 டாலரைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகிறது. வசூலிப்பது டவுன் என்பதால் திட்டு வாங்குவதும் டவுன்தான், தொகையை முடிவு செய்வது போர்டு. 2010-ல் கொண்டுவந்த சட்டத்தால் இந்த வரித்தொகையை மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ளாமல் வருடத்துக்கு 2%க்கு மேல் ஏற்ற முடியாது. மருத்துவக் காப்பீடு, மாணவர் எண்ணிக்கை உயர்வு போன்ற சில விலக்குகள் உண்டு. ஒரு கோடி டாலர் வரி வாங்கும் டிஸ்ட்ரிக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2% என்றால் 2 லட்சம். டீச்சர்களின் ஒப்பந்தச் சம்பள உயர்வு, காப்பீடு, ஹீட்டிங், பஸ் ஒப்பந்தம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. அப்போது சட்டம் கட்டாயப்படுத்தாத, அல்லது இவ்வளவு என்று அளவு சொல்லாத எதுவோ அதில்தான் முதலில் கை வைப்பார்கள்: லைப்ரரி, ஸ்பானிஷ், பேண்ட், எங்கள் வீட்டு பஸ்.

பஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு வரை வீடு 2 மைலுக்கு மேல் இருந்தால்தான் டிஸ்ட்ரிக்ட் பஸ் விட வேண்டும். ஹைஸ்கூலுக்கு 2.5 மைல். எங்கள் வீடு 1.8 மைல். முதல் சில வருடங்கள் மரியாதைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள், பிறகு அதைக் கட்டண பஸ்ஸாக்கினார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் அறிவிப்பு வந்தது ஆகஸ்ட் மூன்றாவது வாரம். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு அது எவ்வளவு சிரமம்! முடிவு மே மாதமே ஆகிவிட்டதை அப்புறம் கூட்டத்தின் மினிட்ஸில் (நடவடிக்கைக் குறிப்பில்) படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சின்ன டிஸ்ட்ரிக்டில் எல்லாரும் எல்லாரையும் தெரிந்தவர்கள் என்பதால், எழுதி அறிவிக்கும் பழக்கம் குறைவு. பார்க்கிங்கில் நின்று பேசும் கூட்டத்துக்கு விஷயம் தெரிந்துவிடும். அந்தக் கூட்டத்தில் நம்மவர்கள் இருப்பது அபூர்வம்.

மாநிலம் பணம் தருவதில்லையா? தருகிறது, அதற்குப் பின்னால் நீண்ட வழக்கு வரலாறு இருக்கிறது. முழுமையான, திறமையான இலவசப் பள்ளி முறையை மாநிலம் நடத்த வேண்டும் என்று 1875 முதல் இங்கத்திய அரசியல் சாசனம் சொல்கிறது. வீட்டு வரியை மட்டும் நம்பினால் ஏழை ஊர்ப் பிள்ளைக்கு அது கிடைக்காது என்று 1973-ல் மாநில உச்ச நீதிமன்றம் ராபின்சன் எதிர் காஹில் வழக்கில் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் பணத்துக்கு வழி செய்யாமல் இழுத்தடிக்க, 1976 ஜூலை 1 முதல் பள்ளிகளையே மூட நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகுதான் மாநில வருமான வரி பிறந்தது. நம் சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, அதுதான். பிறகு 1985-லிருந்து ஏழை ஊர்ப் பள்ளிகளின் நிதிக்கான ஆபட் வழக்குகள், 2008-ல் பள்ளி நிதிச் சீர்திருத்தச் சட்டம். ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு, ஊரின் சொத்து மதிப்பையும் மக்களின் வருமானத்தையும் வைத்து ஊரால் எவ்வளவு முடியும் என்று கழித்து, மீதியைத் தருவது அதன் சாரம். எங்கள் ஊர் அந்தக் கணக்கில் வசதியான ஊர். 2018-ல் வந்த சட்டம், கணக்குக்கு மேல் பழைய நிதி வாங்கிக்கொண்டிருந்த டிஸ்ட்ரிக்டுகளுக்கு ஏழு வருடத்தில் அதைப் படிப்படியாகக் குறைத்தது. நாங்களும் அதில் இருந்தோம். நியாயம் என்று பார்த்தால் அந்தப் பணம் எங்களைவிடத் தேவை அதிகமுள்ள ஊர்களுக்குப் போக வேண்டியதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இழப்பை ஈடுகட்ட போர்டே விரும்பினாலும், மக்கள் ஓட்டு இல்லாமல் 2% கதவு திறக்காது. வலித்தது அங்கேதான்.

சேமித்து வைக்கலாமே என்று நானும் கேட்டேன். செலவின் 2% அல்லது 250,000 டாலர், இதில் எது பெரிதோ அதற்கு மேல் பொது உபரி வைத்திருக்க முடியாது, மீந்ததை அடுத்து வரும் பட்ஜெட்டில் வரியைக் குறைக்கத் தந்துவிட வேண்டும். கட்டடம் போன்ற சில குறிப்பிட்ட தேவைகளுக்கென்று தனி ரிசர்வ் கணக்கு வைக்கலாம், அவ்வளவே. இந்த மெல்லிய மெத்தையில் ஒரு கல் விழுந்தாலும் தெரியும். சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு எங்கள் பள்ளியில் வசதி இல்லையென்றால் வெளிப்பள்ளிக்கு அனுப்பி முழுச் செலவையும் டிஸ்ட்ரிக்ட் ஏற்க வேண்டும். 1975-ன் மத்தியச் சட்டம் அந்தப் பிள்ளைக்குத் தந்த உரிமை அது. தனியார் பள்ளிச் செலவு 55,000 டாலரைத் தாண்டினால் மாநிலத்திடம் கூடுதல் உதவி கேட்கலாம், முழுதாக வருவதில்லை. ஒரு பட்ஜெட் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "யாரோ ஒரு குடும்பத்துக்காக" என்று ஆரம்பித்தார். போர்டு தலைவர் உடனே நிறுத்தினார். எங்கள் ஊரைப் பற்றி நான் பெருமையோடு நினைவில் வைத்திருக்கும் கணங்களில் அது ஒன்று. எண்ணிக்கை குறைந்த பள்ளியில் பெயர் சொல்லாவிட்டாலும் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தத் தாய் அன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பட்ஜெட்டை மக்கள் ஓட்டுக்கு விடுவார்களா என்று பலர் கேட்கிறார்கள். முன்பு ஏப்ரலில் விட்டார்கள். 2012 சட்டத்துக்குப் பிறகு, போர்டு தேர்தலை நவம்பருக்கு மாற்றிக்கொண்ட டிஸ்ட்ரிக்டுகள் 2%க்குள் இருந்தால் ஓட்டு வேண்டாம். ஏறக்குறைய எல்லாருமே மாறிவிட்டார்கள். ஆகவே மார்ச் முதல் மே தொடக்கம் வரை நடக்கும் பட்ஜெட் கூட்டங்கள்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. 2%-ஐத் தாண்டவும் கட்டடத்துக்குக் கடன் வாங்கவும் மட்டும் வாக்கெடுப்பு நடக்கும். கட்டடக் கடனில், சட்டப்படி, தகுதியுள்ள செலவில் குறைந்தது 40% மாநிலம் ஏற்க வேண்டும். எங்கள் பள்ளியின் கூரைக்கான வாக்கெடுப்பு முதல் தடவை தோற்றது. அடுத்த குளிர்காலம் முழுக்க நான்காம் வகுப்பு வராந்தாவில் இரண்டு மஞ்சள் வாளிகள் இருந்தன. சின்னவன் அவற்றுக்குப் பெயர்கூட வைத்திருந்தான். இரண்டாம் தடவை ஜெயித்தது.

சரி, படிப்பு எப்படி? ரேட்டிங்குக்கு வருகிறேன். மூன்றாம் வகுப்பிலிருந்து என்.ஜே.எஸ்.எல்.ஏ. என்ற மாநிலத் தேர்வு, ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஐந்து நிலை, நான்கும் ஐந்தும் தேறியவர்கள். வகுப்பில் 32 பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளை 3%. இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தால் ரேட்டிங் இறங்கும், நல்ல பேட்ச் வந்தால் ஏறும். குழு மிகச் சின்னதென்றால் எண்ணே போடாமல் நட்சத்திரக் குறி இருக்கும். அதனால் ஒரு வருட எண்ணை நான் நம்புவதில்லை. மாநிலம் வருடந்தோறும் வெளியிடும் செயல்பாட்டு அறிக்கையில் வளர்ச்சிப் பகுதியைத் திறந்து பார்ப்பேன். போன வருடம் அதே மாதிரி மார்க் வாங்கிய மாநிலம் முழுதுமுள்ள பிள்ளைகளோடு ஒப்பிட்டு, இந்த வருடம் எவ்வளவு முன்னேறினார்கள் என்று அது காட்டும். 50 என்றால் நடு. எங்கள் பள்ளி தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்துக்கு மேலேயே இருந்தது, ஆனால் கணக்கு வளர்ச்சியில் பல வருடம் நடுவிலேயே நின்றது. படித்த பெற்றோர், வாரக் கடைசி ட்யூஷன், இவை தரும் மார்க்கைப் பள்ளியின் பெருமையாகக் காட்டிக்கொண்டிருக்கிறோமோ என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். சூப்பரின்டெண்டென்ட் மறுக்கவில்லை. அடுத்த வருடம் கணக்குப் பாடத்திட்டத்தை மாற்றினார்கள்.

கொரோனாவில் மாநிலமே சரிந்தது. ஆங்கிலத் தேர்ச்சி 2019-ல் சுமார் 58%, 2022-ல் சுமார் 49%. அந்தச் சமயத்தில்தான் சின்ன டிஸ்ட்ரிக்டின் அருமையை உணர்ந்தேன். சின்னவன் ஐந்தாம் வகுப்பில் மூன்று நாள் தொடர்ந்து கேமராவை அணைத்து வைத்திருந்தான். நான்காம் நாள் சாயங்காலம் டீச்சரே மாஸ்க்கோடு வாசலில் வந்து நின்றார், அவனுடைய நோட்டுப் புத்தகம் கையில். யாரும் அவரை அனுப்பவில்லை.

ஹைஸ்கூல் எங்கள் ஊரில் இல்லை. பிள்ளைகளைப் பக்கத்து டிஸ்ட்ரிக்டுக்கு அனுப்பி, தலைக்கு இவ்வளவு என்று எங்கள் போர்டு கட்டணம் கட்டும். அந்தக் கட்டணம் முதலில் தோராயம்தான். உண்மைச் செலவு சான்றளிக்கப்பட்ட பிறகு, இரண்டு வருடம் கழித்துக்கூடப் பாக்கி பில் வரும். மூத்தவள் ஒன்பதாம் வகுப்புப் படித்ததற்கான பாக்கி, அவள் பதினொன்றில் இருந்தபோது எங்கள் பட்ஜெட்டில் வந்தது. பக்கத்து டிஸ்ட்ரிக்டோடு இணைத்துவிடலாமே என்றால், 2022 ஜனவரியில் வந்த சட்டம் இணைப்பு ஆய்வுக்கு மானியம் தருகிறது. ஹைஸ்கூலோடு ஒரே பாடத்திட்டம், முழுநேர லைப்ரரியன் கிடைக்குமென்றால் நான் இணைப்புக்குச் சம்மதம் சொல்வேன். வாசலில் வந்து நின்ற அந்த டீச்சரை நினைக்கும்போது மட்டும் தயங்குகிறேன்.

போர்டுக்கு நிற்க அமெரிக்கக் குடியுரிமை, பதிவு செய்த ஓட்டு, ஊரில் ஒரு வருட வாசம், ஊர் வாக்காளர்கள் சிலரின் கையெழுத்து போதும். எங்கள் ஊரில் மூன்று இடத்துக்கு இருவர் மட்டுமே நின்ற வருடமும் உண்டு. மூன்றாவது இடத்துக்கு வாக்குச்சீட்டில் யாரோ கையால் எழுதிய பெயர் ஜெயித்தது. எங்களுக்கு 2022-ல் குடியுரிமை வந்தது. அதன் பிறகு ஒரு ஜூலையில் மனைவி வீடு வீடாகப் போய்ப் பதினான்கு கையெழுத்து வாங்கி, கவுண்டி கிளார்க் ஆபீஸில் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தாள். முதல் கையெழுத்து அந்த லைப்ரரி மிஸ்ஸுடையது.