ஐந்து வருஷ ரோஸ் வாட்டர்: எனக்கு என்ன செய்தது, என்ன செய்யவில்லை

2020 ஊரடங்கில் சலூன் மூடிக் கிடந்தபோதுதான் என் கன்னத்தின் குணம் எனக்கே தெரிந்தது. வீட்டில் ரேசரை எடுத்த நாளிலிருந்து தாடைக்குக் கீழே சிவந்து போய், பொடிப்பொடியாகக் கொப்புளம். சட்டைக் காலர் உரசினாலே எரியும். ஆஃப்டர் ஷேவ் லோஷன் போட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

சலூன் திறந்ததும் தெருமுனை அண்ணனிடம் கேட்டேன், "உங்க கையில ஷேவ் பண்ணா மட்டும் ஏண்ணே எரிய மாட்டேங்குது?" அவர் படிகாரக் கல்லைக் காட்டினார். "இதைத் தேய்ச்சு அப்படியே விட்டா இழுக்கும் தம்பி. கழுவிட்டு இதை ரெண்டு தடவை அடிச்சு விடுவேன், அவ்ளோதான்" என்று ஸ்பிரே பாட்டிலைத் தூக்கினார். ரோஸ் வாட்டர்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அம்மாவின் பூஜை அலமாரியில் இருந்த பன்னீரை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டது. பன்னீர்தானே ரோஸ் வாட்டர்? தமிழில் இரண்டும் ஒன்றுதான், கடையில் ஒன்றல்ல. பூஜை சாமான் கடையில் கிடைக்கும் பன்னீர் பெரும்பாலும் வாசனை கலந்த தண்ணீர். கல்யாண வாசலில் பன்னீர்ச் சொம்பில் ஊற்றித் தெளிக்கவும், சாமிக்கு அபிஷேகம் செய்யவும் அது போதும். ஷேவ் செய்த முகத்துக்கு ஆகாது. அன்று சாயங்காலமே கன்னம் தடித்துவிட்டது. பிறகுதான் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். 'பூஜைக்கு மட்டும்' என்று தமிழிலேயே அச்சடித்திருந்தான்.

அதற்கப்புறம் மருந்துக் கடை ரோஸ் வாட்டர்தான். 120 மில்லி பாட்டில் எனக்கு ஐந்தாறு வாரம் வரும். ஐந்து வருஷத்தில் எத்தனை பிராண்ட் மாற்றினேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் ஒன்று பழகிவிட்டது: பாட்டிலின் முன்பக்க ரோஜாப் படத்தைப் பார்ப்பதே இல்லை, நேரே பின்பக்கம்தான். சேர்மானங்களில் எது அதிகமோ அது முதலில் வரும். 'அக்வா', கொஞ்சம் தள்ளி 'பர்ஃப்யூம்' என்று மட்டும் இருந்தால் அது சென்ட் தண்ணீர். 'ரோசா டமசேனா ஃப்ளவர் வாட்டர்' என்று ஆரம்பித்தால் நிஜமாகவே பூவைக் காய்ச்சி வடித்தது. ரோசா டமசேனா என்பது வடநாட்டில் பன்னீர் வடிக்கப் பயன்படுத்தும் ரோஜா. பினாக்ஸி எத்தனால், சோடியம் பென்சோயேட் போன்றவை இருந்தால் பயப்படத் தேவையில்லை. அவை கெடாமல் வைக்கச் சேர்ப்பவை. அவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நானே வரவழைத்துக்கொண்டேன், பின்னால் சொல்கிறேன்.

நல்ல ரோஸ் வாட்டரின் வாசனை எப்படி இருக்கும் என்பதே மூன்றாவது வருஷம்தான் தெரிந்தது. அலுவலக நண்பர் ஒருவர் உத்தரப் பிரதேசம் போய்த் திரும்பும்போது கன்னோஜிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அத்தருக்குப் பேர்போன ஊர் அது, புவிசார் குறியீடும் உண்டு. அங்கே இன்னும் செம்பு அண்டாவில் பூவையும் தண்ணீரையும் போட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, மூங்கில் குழாய் வழியாக ஆவியை இன்னொரு பாத்திரத்துக்கு இறக்குகிறார்கள். அண்டாவுக்கு தேக் என்றும், தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் அந்தப் பாத்திரத்துக்கு பப்கா என்றும் பெயர். மேலே மிதக்கும் எண்ணெய் மிகமிகக் குறைவு. ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். ரோஜாவை ரோஜாவாக மணக்கச் செய்யும் பினைல் எத்தில் ஆல்கஹால் தண்ணீரில் எளிதாகக் கரையக்கூடியது. அதனால் அது பெரும்பாலும் எண்ணெயில் நிற்காமல் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது.

பாட்டிலைத் திறந்ததும் எனக்கு ஏமாற்றம்தான். பன்னீர் சோடா மாதிரி மூக்கில் ஏறும் என்று நினைத்திருந்தேன். இதில் முதலில் வந்தது வேகவைத்த கீரையின் மணம், அப்புறம் லேசாகத் தேன், கடைசியில்தான் பூ. கையில் தடவிய ஐந்து நிமிஷத்தில் அதுவும் காணாமல் போனது.

சரி, முகத்துக்கு என்ன செய்தது? ஷேவ் எரிச்சல் குறைந்தது. இதை உறுதியாகச் சொல்வேன். குளிர்ந்த நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, ரோஸ் வாட்டர் அடித்தால் இரண்டு நிமிஷத்தில் அடங்கும். சாராயம் கலந்த லோஷனை நிறுத்தியதற்கு இதில் எவ்வளவு பங்கு, ரோஸ் வாட்டருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால், பாதிக்கு மேல் முதலாவதற்குத்தான். இரண்டாவது, எண்ணெய் வழியும் முகம் எனக்கு. மதுரை வெயிலில் பைக்கில் போய் இறங்கும்போது பஞ்சில் நனைத்து ஒரு துடை துடைத்தால் அழுக்கும் பிசுக்கும் வந்துவிடும். சோப்புப் போட்டு நாலு தரம் கழுவி முகத்தை வறட்டுவதை விட இது மேல்.

என் மனைவிக்கு வறண்ட சருமம். அதே பாட்டில் அவளுக்கு நேரெதிராக வேலை செய்தது. ஏ.சி. அறையில் மணிக்கொரு தரம் ஸ்பிரே அடித்து, அப்படியே காயவிட்டாள். ஒரே வாரத்தில் மூக்கோரம் செதில் செதிலாக உரிந்தது. ரோஸ் வாட்டர் ஈரம் தரும், ஈரத்தைப் பிடித்து வைக்காது. தன்பாட்டுக்கு ஆவியாகிப் போய்விடும். இப்போது அவள் ஸ்பிரே அடித்து, முகம் நனைந்திருக்கும்போதே மேலே மாய்ஸ்சரைசர் தடவிவிடுகிறாள். அப்படிச் செய்தால் க்ரீமும் கொஞ்சமாகவே போதுகிறது, பிரச்சினையும் இல்லை. மார்கழியில் பாத வெடிப்புக்கு ஒரு பங்கு கிளிசரினில் நாலு பங்கு ரோஸ் வாட்டர் கலந்து இரவில் தடவி, சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்குகிறோம். எங்கள் வீட்டில் ரோஸ் வாட்டரின் மிகச் சிறந்த பயன் எது என்றால் இதைத்தான் சொல்வேன், முகமே இல்லை. இந்தக் கலவையில் எலுமிச்சைச் சாறும் விடச் சொல்வார்கள். விட்டேன். வெடிப்பில் பட்டதும் உயிர் போனது. முகத்தில் எலுமிச்சை தடவி வெயிலில் போனால் புண்ணாகிக் கருக்கும் வாய்ப்பும் உண்டு, வேண்டாம்.

முல்தானி மட்டியை ரோஸ் வாட்டரில் குழைத்துப் போடுவது எனக்கு ஒத்துவருகிறது, வாரம் ஒரு தடவை. முழுக்கக் காய்ந்து வெடிக்கும்வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. லேசாக ஈரம் இருக்கும்போதே கழுவிவிட வேண்டும்.

வீட்டில் தயாரித்த கதைக்கு வருகிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அரைக் கிலோ நாட்டு ரோஜா வாங்கினேன். பெரிய பாத்திரத்தில் இதழும் தண்ணீரும் போட்டு, நடுவில் கிண்ணம் வைத்து, மூடியைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஐஸ் கட்டி. ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு டம்ளர் தேறியது, மணமும் பரவாயில்லை. பெருமையாகக் குளியலறை அலமாரியில் வைத்தேன். இரண்டாவது வாரம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் பஞ்சு நூல் மாதிரி வெள்ளையாக ஏதோ நெளிகிறது. அதற்கு முந்தைய நாலு நாளும் நான் அதைத்தான் முகத்தில் அடித்திருக்கிறேன். நெற்றி முழுக்கப் பொரிப்பொரியாக வந்து அடங்கப் பத்து நாள் ஆனது. செய்வதானால் கொதிநீரில் கழுவிய கண்ணாடிப் பாட்டில், ஃப்ரிட்ஜ், ஒரு வாரக் கெடு. மருந்தடித்த மாலைப் பூவில் செய்வதற்குச் செய்யாமலே இருக்கலாம்.

அம்மாவோடு எனக்கிருந்த ஒரே சண்டை கண் விஷயத்தில். கண் எரிந்தால் இரண்டு சொட்டு ரோஸ் வாட்டர் விடுவது அவர் பல வருஷப் பழக்கம். நான் சொல்லிக் கேட்கவில்லை. கண் டாக்டர் ஒருநாள், "இது கிருமி நீக்கின சொட்டு மருந்து இல்லம்மா, முகத்துக்குப் போடுறது" என்று கொஞ்சம் உரக்கச் சொன்ன பிறகு நிறுத்தினார். இப்போது பஞ்சில் நனைத்து மூடிய இமைமேல் வைத்துக்கொள்கிறார். குளிர்ச்சிக்கு அது போதும்.

நிறம் கூடுமா, கரும்புள்ளி போகுமா என்று என்னிடமே நாலு பேர் கேட்டாயிற்று. என் இடது கன்னத்தில் பழைய பருத் தழும்பு ஒன்று உண்டு. ஐந்து வருஷமும் அதன்மேல்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் இருந்த கறுப்பு அப்படியே இருந்தது. போன வருஷம் ஒழுங்காக சன்ஸ்கிரீன் போட ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் மங்கியிருக்கிறது.

புது பாட்டில் எது வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போகிறேன். வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அசல் பூவில் வடித்ததும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இப்போது ஓடுகிற பாட்டில் ஃப்ரிட்ஜ் கதவில், தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. மேலே என் கையெழுத்தில் 'முகம், சாமிக்கு அல்ல' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால் அளவு கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது.