பவர் பிஐ-யில் கொஞ்சம் வித்தியாசமாக டேஷ்போர்டு செய்ய நினைப்பவர்களுக்கு

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் எனக்கு எம்ஐஎஸ் வேலை, அதாவது நிர்வாகத்துக்கு ரிப்போர்ட் தயாரிப்பது; கணக்குகளை ஒரே திரையில் சார்ட்டுகளாக, அதாவது டேஷ்போர்டாக, காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் பிஐ-யோடு சில வருடமாகத் தினமும் மல்லுக்கட்டுகிறேன். எப்படி நிறுவுவது, டாக்ஸ் (அதன் ஃபார்முலா மொழி) எப்படி எழுதுவது எல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, அதை விடுங்கள். மேலே நாலு கார்டு (ஒற்றை எண்ணைக் காட்டும் பெட்டி), நடுவில் பார் சார்ட், ஓரத்தில் ஒரு டோனட் (வளைய வடிவச் சார்ட்) என்று ஊரில் எல்லாருடைய டேஷ்போர்டும் ஒரே முகமாக இருக்கிறதே, அதைத் தாண்டி வர இது எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நிறையவே கொடுக்கிறது, ஆனால் அதில் ரெடியாக இருக்கும் சார்ட்டுகளில் தேடினால் கிடைக்காது. எனக்கு அதிகம் கைகொடுத்தது சினாப்டிக் பேனல் என்கிற கஸ்டம் விஷுவல், அதாவது வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளும் சார்ட். நாமே வரைந்த எஸ்விஜி (கோடுகளும் வடிவங்களுமாகச் சேமிக்கும் வகை) படத்தைக் கொடுத்து, படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் டேட்டாவில் இருக்கும் பெயரையே வைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டுக்கு (தரம் சரியில்லை என்று தள்ளியவற்றின் கணக்கு) ஷூ அப்பரையே, அதாவது ஷூவின் மேல்பாகத்தையே, இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் வேம்ப் (முன்பக்கம்), குவார்ட்டர் (பக்கவாட்டும் பின்பக்கமும்), டங் (நாக்கு), கவுண்டர் (குதிகால் பகுதி) என்று தனித்தனியாக வரைந்தேன். எங்கே பிரச்சினை அதிகமோ அந்தப் பகுதியில் ஆரஞ்சு அடர்த்தியாகும். டோனட்டில் இதே விவரம் இருந்தவரை எட்டிக்கூடப் பார்க்காத ஸ்டிச்சிங் சூப்பர்வைசர் அக்கா, "இது புரியுது தம்பி, அந்த வட்டமெல்லாம் ஆபீஸ்காரங்களே வச்சுக்கங்க" என்றார்.

படம் எடுபட்டது என்பதற்காக அதையே முழுசாக நம்பிவிடக் கூடாது. புள்ளியியல் ஆய்வாளர்கள் கிளீவ்லேண்டும் மெக்கில்லும் 1984-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரம் இதுதான்: ஒரே அளவுகோலில் வைத்த புள்ளிகளையும் நீளங்களையும் நம் கண் நன்றாக ஒப்பிடும், கோணமும் பரப்பும் அதற்குக் கீழே, நிற அடர்த்தி கடைசி வரிசை. அதனால் 'எங்கே' என்பதை ஷூ படம் சொல்லட்டும், 'எவ்வளவு' என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சாதா பார் சார்ட், பூஜ்யத்தில் தொடங்குவதாக. சிவப்பு-பச்சை ஜோடி வேண்டவே வேண்டாம், இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

அடுத்தது டெனெப், இதுவும் ஒரு கஸ்டம் விஷுவல்தான். வேகா-லைட் என்ற சார்ட் எழுதும் மொழியில் நாமே சார்ட்டை எழுதிக்கொள்ளலாம், எந்த வடிவமும் வரும். ஆனால் அதை எழுதும் ஜேசன் வடிவத்தின் அடைப்புக்குறிகளோடு சில வாரம் போராடப் பொறுமை வேண்டும், அதுவும் மே மாத வேலூர் வெயிலில் மதியம் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். அவ்வளவு தேவையில்லை என்றால் டாக்ஸ் மெஷரிலேயே (நாம் எழுதும் கணக்கீடு) எஸ்விஜி எழுதி, அந்த மெஷரின் டேட்டா கேட்டகரியை இமேஜ் யுஆர்எல் என்று மாற்றினால் டேபிளுக்குள்ளேயே குட்டிக் கோடுகள் வரும். நிறக் குறியீட்டில் # போடாமல் %23 போடுங்கள், இல்லாவிட்டால் படம் வராமல் மண்டை காயும்.

ஃபேக்டரித் தளத்தில் தொழிலாளர்களுக்கு டிவியில் காட்டுவதென்றால் தலைப்புகளைத் தமிழில் வைப்பது நல்லது. நிர்மலா யுஐ எழுத்துரு உடையாமல் வருகிறது, ஆனால் நம் சொற்கள் நீளமானவை, கார்டின் அகலத்தை முதலிலேயே தாராளமாக விட்டுவிடுங்கள்.

குறைகள்? கம்ப்யூட்டரில் நிறுவும் பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம்தான், ஆனால் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஆபீஸுக்குள் முறையாகப் பகிர வேண்டுமென்றால் ப்ரோ உரிமத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். ரிப்போர்ட்டை இணையத்தில் வெளியிடும் 'பப்ளிஷ் டு வெப்' வசதி இருக்கிறதே என்று கம்பெனி விவரங்களை அதில் ஏற்றிவிடாதீர்கள், அந்த இணைப்பு கிடைத்த யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அப்புறம் மேப். நம் பக்கத்து ஆட்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் தமிழ்நாடு வரைபடக் கோப்புகள் பலவற்றில் இன்னும் 32 மாவட்டம்தான், 2019-இல் வேலூரை மூன்றாகப் பிரித்தது அதில் இருக்காது. ராணிப்பேட்டை தோல் ஷெட்டும் ஆம்பூர் ஷூ ஃபேக்டரியும் ஒரே கட்டத்துக்குள் விழுந்து ஒரே நிறமாகத் தெரியும், ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். புதிய எல்லைக் கோப்பை எடுத்து, மேப்ஷேப்பர் என்ற இணையக் கருவியில் டோப்போஜேசன் என்ற வரைபடக் கோப்பு வகையாக மாற்றி, பவர் பிஐ-யின் ஷேப் மேப் விஷுவலில் ஏற்றுங்கள். ஏற்றும் முன் மாவட்டங்களை எண்ணிப் பாருங்கள், 38 வர வேண்டும்.