2024 ஆசியன் டூர் பருவம்: ஒரு ரசிகரின் மதிப்புரை

ஆசிய ஆண்கள் தொழில்முறை கோல்ஃப் போட்டிகளைத் தொடர்ந்து பார்க்க விரும்புவோருக்கு, 2024ஆம் ஆண்டின் ஆசியன் டூர் பருவத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அதற்கு முதல் காரணம் மக்காவ். மார்ச் மாதத்தில் அங்கு நடந்த இன்டர்நேஷனல் சீரிஸ் (ஆசியன் டூரின் உயர் பரிசுத்தொகைத் தொடர்) போட்டியின் மூன்றாம் சுற்றை, பார் 70 கொண்ட, அதாவது ஒரு சுற்றுக்கு 70 அடிகளே இயல்பான அளவாகக் கொள்ளப்படும் மைதானத்தில், அமெரிக்கரான ஜான் காட்லின் 59 அடிகளில் முடித்தார். ஆசியன் டூர் வரலாற்றில் 60க்குக் கீழே எவரும் இறங்கியது அதுவே முதல்முறை. மறுநாள் ஸ்பெயினின் டேவிட் புயிக்கை, சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டமான பிளே-ஆஃபில் வென்று கோப்பையையும் கைப்பற்றிய அவர், அடுத்த மாதம் சவூதி ஓப்பனையும் வென்று, ஆண்டு முடிவில், பருவம் முழுவதற்குமான தரவரிசையான ஆர்டர் ஆஃப் மெரிட் பட்டியலில் முதலிடம் பெற்றார்.

வியப்பு அத்துடன் நிற்கவில்லை. நவம்பரில் ஹாங்காங்கின் ஃபான்லிங் மைதானத்தில் நடந்த ஹாங்காங் ஓப்பனில் அமெரிக்கரான பேட்ரிக் ரீட் அதே 59ஐ எட்டி, பட்டத்தையும் வென்றார். அந்த மைதானம் நீளமானதன்று. வலிமையைவிடத் துல்லியத்தையே கேட்பது. ஆகவே அந்தச் சுற்றை நிதானமாகப் பார்ப்பது ஆட்டம் பயில்வோருக்கு மிகவும் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

குறை ஒன்று உண்டு. ரியாத்தில் நடந்த, பருவத்தின் இறுதிப் போட்டியின் பரிசுத்தொகை 50 லட்சம் டாலர். அதில் வென்றவர் சிலியின் ஹோவாகின் நீமன். பெரும் பணமும் வெளிச்சமும் இத்தகைய சில வாரங்களில் குவிவதால், சிறிய போட்டிகளில் போராடும் ஆசிய இளைஞர்களின் ஆட்டம் உரிய கவனத்தைப் பெறுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.