ஜோர்டன் ஏரியில் நாலு குளிர்காலம்: என் 2500 மீன்பிடி ரீல் பற்றி

அமெரிக்காவில் வட கரோலினாவின் சார்லட்டில் இருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே ரீல் 180 டாலர்ல இருந்து 130-க்கு வந்திருக்கு, குளிர்காலத்துக்கு வாங்கலாமா?" போனில் பதில் சொல்ல ஆரம்பித்தேன், அரை மணி நேரம் ஆகியும் முடிகிற வழியாக இல்லை. சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அதைக் கழற்றி மாட்டினேன் என்பதால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

கம்பெனி பெயரை எழுதவில்லை, அவனுக்குத் தெரியும். நான் சொல்லப்போகிற கோளாறு, கைப்பிடி பின்னால் சுழலாமல் தடுக்க இந்த வகை கிளட்ச் போட்ட எந்த ரீலிலும் வரலாம் என்பதால் ஒருவர் பெயரை மட்டும் இழுப்பது நியாயமாகப் படவில்லை. 2500 சைஸ், எட்டு பவுண்டு இழுப்பைத் தாங்கும் ஃப்ளோரோகார்பன் நரம்பு, ஆறடி பத்து அங்குல ராடு, அதாவது தூண்டில் கோல். கியர் ரேஷியோ, பேரிங் எத்தனை என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது.

2021 நவம்பரில் வாங்கினேன். வட கரோலினாவில் கேரிக்குப் பக்கத்தில் இருக்கிறேன், ஜோர்டன் ஏரி வீட்டிலிருந்து இருபது நிமிடம். கோடையில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது, படகும் ஜெட் ஸ்கீயுமாக இரைச்சல். நவம்பர் கடைசியில் எல்லாம் அடங்கிவிடும். அப்புறம் மார்ச் வரைக்கும் பாலத்தடியில் கிராப்பி மீனுக்கு உட்கார்ந்திருக்கும் இரண்டு பெரியவர்கள், மேலே வட்டமடிக்கும் வெண்தலைக் கழுகு, கரையில் நான், அவ்வளவுதான். இந்த ரீலை நான் இந்த நாலு மாதங்களுக்குத்தான் வைத்திருக்கிறேன். மற்ற நாளுக்கு வேறு ரீல் உண்டு.

குளிர்கால பாஸ் மீன் பிடித்துப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் கொடுவாயையும் ஆங்கிலத்தில் பாஸ் என்றுதான் சொல்கிறார்கள், அது கடலிலும் கழிமுகத்திலும் வாழ்வது. இது லார்ஜ்மவுத் பாஸ், நன்னீர் மீன், வேறு குடும்பம். பச்சை உடம்பு, விலா நெடுக ஒரு கறுப்புப் பட்டை, மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். கோடையில் தண்ணீர்ப் பரப்பில் தவளை குதித்தால்கூடப் பாய்ந்து விழுங்கும் முரடன். தண்ணீர் 50 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே (செல்சியஸில் பத்து; இங்கே சொல்லும் டிகிரியெல்லாம் பாரன்ஹீட்தான்) இறங்கியதும் ஆளே மாறிவிடும். மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூட்டோடு சேர்ந்து இறங்குவதால் செரிமானம் மந்தமாகி, ஒருமுறை தின்றால் நாள்கணக்கில் அதிகம் அசையாமல் கிடக்கும். இரையைத் துரத்தாது. மூக்குக்கு முன்னால் வந்து நின்றால் மட்டும் வாயைத் திறக்கும்.

அதனால் குளிர்காலத்தில் நான் அதிகம் போடுவது ஜெர்க்பெய்ட், வெட்டி வெட்டி இழுக்கும் பொம்மை மீன். அதில் மேகாபாஸ் கம்பெனியின் விஷன் 110 இரண்டு நிறத்தில் வைத்திருக்கிறேன். குளிரில் ஷாட் என்ற சிறுமீன்கள் விறைத்துப்போய், கொஞ்சம் துடித்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, மறுபடியும் துடித்துச் சாகும். அந்தச் சாவைத்தான் இந்தப் பொம்மை மீன் நடித்துக் காட்ட வேண்டும். ராடு நுனியைக் கீழ்நோக்கி இரண்டு வெட்டு வெட்டிவிட்டு நிறுத்த வேண்டும். சும்மா நிற்க வேண்டும். தண்ணீர் 48-ல் இருந்தால் பத்து வரை எண்ணுவேன், 42-க்கு இறங்கினால் முப்பது வரை. குளிர்ந்த தண்ணீருக்கு அடர்த்தி கூடுதல் என்பதால் கடையில் வாங்கியபடியே போட்டால் பொம்மை மெதுவாக மேலே ஏறிவிடும். நடு முள்ளின் தண்டில் ஈயக் கம்பியை நாலு சுற்றுச் சுற்றி, வாளியில் ஏரித் தண்ணீர் மொண்டு போட்டுப் பார்த்து, ஏறாமலும் இறங்காமலும் நிற்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் வீசுவேன்.

மீன் கொத்துவது அந்த நிறுத்தத்தில்தான். கொத்து என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. தளர்ந்து கிடக்கும் நரம்பு ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகரும். இல்லையென்றால் அடுத்த வெட்டுக்கு ராடை அசைக்கும்போது ஊறிய பாலிதீன் பை மாட்டியதைப் போல ஒரு கனம் தெரியும். அந்த அரை நொடியில் தளர்வை எடுத்து ராடை வீசி இழுக்க வேண்டும். ரீலின் கைப்பிடி அந்த நேரத்தில் பாறை மாதிரி நிற்க வேண்டும். நாள் முழுக்க வருவது இரண்டு மூன்று கொத்து. இந்த ரீல் கோளாறு செய்வது சரியாக அந்த இடத்தில்.

முதல் தடவை நடந்தது அப்படியே நினைவிருக்கிறது. 2022 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வட கரோலினாவில் சுழற்சி முறையில் மின்வெட்டு செய்கிற அளவுக்குக் குளிர் அடித்ததே, அதற்குப் பிறகு ஜனவரி தொடக்கத்தில் ஒரு காலை. நெடுஞ்சாலை 64 ஏரியைக் கடக்கும் இடத்தில் கரையணையாகக் கொட்டியிருக்கும் கற்களின் மேல் நின்றிருந்தேன். வெயில் பட்டால் அந்தக் கற்கள் கொஞ்சம் சூடேறும், பக்கத்துத் தண்ணீரும் ஒன்றிரண்டு டிகிரி ஏறும் என்பதால் மீன் அங்கே ஒதுங்கும். காற்று 28 டிகிரி, அதாவது நம் ஊர் செல்சியஸ் கணக்கில் பூஜ்யத்துக்கும் இரண்டு கீழே. ராடு வளையங்களில் பனி கட்டி, ஐந்து வீச்சுக்கு ஒரு தடவை நுனியைத் தண்ணீரில் முக்கிக் கரைக்க வேண்டியிருந்தது. இருபத்திரண்டு எண்ணியபோது நரம்பு இடப்பக்கம் நகர்ந்தது. இழுத்தேன். கைப்பிடி கட்டுப்பாடே இல்லாமல் பின்பக்கமாக மூன்று சுற்றுச் சுற்றி என் விரல் முட்டியில் அடித்தது. அந்தப் பக்கம் ஒரு நொடி நல்ல கனம், தலையை ஆட்டுவது தெரிந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை. காலை ஆறரையிலிருந்து நின்றதற்கு அந்த ஒரு கொத்துதான் கூலி.

மறுபடியும் சுற்றிப் பார்த்தேன். பத்து தடவையில் எட்டு தடவை சரியாகப் பிடித்தது, இரண்டு தடவை வழுக்கியது. முழுசாகக் கெட்டுப்போயிருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன். எப்போது வழுக்கும் என்று தெரியாததுதான் வேதனை.

உள்ளே நடப்பது இதுதான். கைப்பிடி பின்னால் போகாமல் தடுக்க, கைப்பிடியோடு சுழலும் முன்பகுதியான ரோட்டருக்கு அடியில் ஒரு ஒருவழி கிளட்ச் இருக்கிறது. அதில் சிறு உருளைகள், ஒவ்வொன்றையும் தள்ளிக்கொண்டிருக்க மயிர் போன்ற ஸ்பிரிங். முன்னால் சுற்றும்போது உருளைகள் அகலமான பக்கம் ஒதுங்கி வழிவிடும். பின்னால் போக முயன்றால் குறுகலான பக்கம் வந்து ஆப்பு அடித்த மாதிரி இறுகும். அங்கே கிரீஸ் புகுந்துவிட்டால் குளிரில் அது கெட்டிப்படும். டிசம்பரில் பாத்ரூமில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுக்கூட விழாதே, அதே கதை. அந்த ஸ்பிரிங்குக்கு உருளையை நகர்த்தும் தெம்பு போதாமல் உருளை சிக்கிக்கொள்ளும், கைப்பிடி வழுக்கும். முன்பு என்னிடம் இருந்த பழைய ரீலில் பல்சக்கரமும் அதில் விழும் கொக்கியும்தான். டிக் டிக்கென்று சத்தம் போடும், பிடிப்பதற்கு முன் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், ஆனால் எந்தக் குளிரிலும் ஒருநாளும் கைவிட்டதில்லை. கைப்பிடியில் துளி ஆட்டம் இருக்கக் கூடாது என்பதற்காக இந்த உருளை கிளட்சைக் கொண்டு வந்தார்கள். கோடையில் அது அருமைதான், மறுக்க மாட்டேன்.

சரி, நாமே நோண்ட வேண்டாம் என்று ரிப்பேருக்கு அனுப்பினேன். 45 டாலர், மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் பிப்ரவரியின் நல்ல நாட்கள். பளபளவென்று துடைத்து, சுற்றினால் வெண்ணெய் மாதிரி சுழல்கிற நிலையில் திரும்பி வந்தது. ஏரிக்குக் கொண்டு போனேன், முன்னைவிட மோசம். கிளட்ச் உட்பட எல்லா இடத்திலும் தாராளமாகக் கிரீஸ் அப்பி அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பிறகு யோசித்தால் ரிப்பேர் செய்தவரை முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் வேலை செய்வது 70 டிகிரி அறையில், அங்கே இது வழுக்காது. வீட்டில் நானே நூறு தடவை திருப்பிப் பார்த்தேன், ஒரு தடவைகூட வழுக்கவில்லை. கடைசியில் ஃப்ரீசரில் தேங்காய்த் துருவல் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்ததும் மேசை மேலேயே வழுக்கியது. ரீல் வாங்குகிறவர்கள் வாங்கிய முதல் வாரத்திலேயே இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டுவதற்குள்.

அடுத்த குளிர்காலத்தை வேறு ரீலோடு பாதியும் இதோடு பாதியுமாக ஓட்டினேன். போன டிசம்பரில்தான் துணிந்து திறந்தேன். நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல், ரோட்டர் இரண்டையும் கழற்றினால் கிளட்ச் தெரியும், மூன்று திருகு. உருளைகள் சிதறாமல் அப்படியே முழுசாக எடுத்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, இரண்டு தடவை தண்ணீர் மாதிரி தெளிவாகும் வரை அலசிக் காயவிட்டேன். முதலில் வெளிவந்த ஆல்கஹால் டீ நிறத்தில் இருந்தது. உள் குழாயின் மேல் ஊசிமுனையில் தொட்ட அளவு மெல்லிய எண்ணெய், கிரீஸ் கூடவே கூடாது. மொத்தம் நாற்பது நிமிட வேலை. திறந்தால் வாரண்டி போய்விடலாம், எனக்கு அது ஏற்கெனவே முடிந்திருந்தது. அதற்குப் பிறகு இந்த ஜனவரியில் 24 டிகிரி வரைக்கும் பார்த்துவிட்டேன், ஒரே ஒரு தடவை வழுக்கியது. ஒரு தடவை.

டிராகைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம், மீன் இழுக்கும்போது நரம்பை அறாமல் விட்டுக்கொடுக்கும் பிரேக் அது. ஜனவரி மூன்றாம் வாரம், தொடர்ந்து மூன்று நாள் வெயில் அடித்த பிறகு, மதியம் இரண்டு மணிக்கு ஃபாரிங்டன் பாலத்துத் தூணுக்குப் பக்கத்தில் ஒரு மீன் மாட்டியது. குளிரில் பாஸ் அதிகம் குதிக்காது, கனமாகக் கீழே போகும். கல்லுக்கு நடுவில் எட்டு பவுண்டு நரம்பு, எங்கே உரசினாலும் போச்சு. மீன் ஓட ஓட டிராக் ஒரு திடுக்கென்ற இழுப்பும் இல்லாமல் நூலைக் கொடுத்துக்கொண்டே இருந்தது, நின்றதும் நின்றது. இதைவிட இரண்டு மடங்கு விலை ரீலில்கூட முதல் இழுப்பில் ஒரு ஒட்டல் பார்த்திருக்கிறேன், இதில் நாலு குளிர்காலமாக இல்லை. ஐந்து பவுண்டு இரண்டு அவுன்ஸ், முட்டை கட்ட ஆரம்பித்த வயிறு. என் கையை விட அதன் வயிறு குளிர்ந்திருந்தது. வாயில் பிடித்துத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், வாலை ஒரு தடவை சோம்பலாக அசைத்துக் கற்களுக்குள் போய்விட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரீலைத் துணியால் துடைத்துக்கொண்டே இதுமாதிரி இன்னொன்று வாங்கி வைத்தால் என்ன என்றுகூட நினைத்தேன்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. எடை குறைவு, நாள் முழுக்க வெட்டி வெட்டி இழுத்தாலும் மணிக்கட்டு வலிக்கவில்லை. உலோக உடம்பு குளிரில் விரலைச் சுடும், கையுறையின் இரண்டு விரலை வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். நரம்பு சுருள்வது ரீலின் தப்பு இல்லை, ஸ்பூலை நிரப்பி வைக்காதீர்கள். வளையத்தில் பனி கட்டுவதும் ரீலின் தப்பு இல்லை, பின்னல் நரம்பு போட்டால் அது தண்ணீரைச் சுமந்து வந்து இன்னும் அதிகமாகக் கட்டும்.

தம்பிக்கு என் பதில்: வாங்காதே. "நான் போறது நார்மன் ஏரிதானே அண்ணே, மின்நிலையத்து வெந்நீர் வர்ற இடத்துல நிப்பேன்" என்கிறாய். தண்ணீர்தான் அங்கே சூடு. ரீல் இருப்பது உன் கையில், காற்றில். ஆறு மணி நேரம் நின்று வருகிற ஒரே கொத்தைப் பிடித்துக் கொடுக்கத்தான் குளிர்கால ரீல், அதில் நூற்றில் ஒரு தடவை கைவிட்டாலும் என்னால் நல்ல ரீல் என்று சொல்ல முடியாது. 130 இல்லை, 80-க்கு வந்தாலும் என் பதில் இதுதான். அந்தப் பணத்தில் ஒரு நல்ல லைஃப் ஜாக்கெட் வாங்கு, போன தடவை படகில் அது இல்லாமல் நீ நின்றதைப் பார்த்து எனக்கு அடிவயிறு கலங்கியது, 45 டிகிரி தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவன் கையும் சில நிமிடத்தில் விறைத்துவிடும்.

என்னுடையதை விற்கிறீர்களா என்று கேட்டாயே, இல்லை, விற்கவில்லை. சனிக்கிழமை மதியம் ஃபாரிங்டன் பாலத்தில் இருப்பேன், தண்ணீர் 47-ல் நிற்கிறது, மூன்று நாளாக மழையும் இல்லை. வருவதானால் வெள்ளிக்கிழமைக்குள் சொல், இன்னொரு ராடும் எடுத்து வைக்கிறேன்.